தேன்நிறத் தட்டும் தங்கச்சியும்

மூன்று கிழமைக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, என் தங்கச்சி ரஜனி ஓர் இசைத்தட்டைக் கொன்றுவிட்டாள்.

'கொன்றாள்' என்பது என் சொல். அவளைக் கேட்டால், "கனடாவில இருந்து பத்திரமாக் கொண்டு வந்து குடுத்தனான்" என்பாள். நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது... கடைசியில் என் பக்கம் ஒருவரும் நிற்கப்போவதில்லை என்று எனக்கு இப்போதே தெரியும்.

இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிப்பவர்களுக்கு என் வியாதி பழக்கமானது. புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நான் எல்பி இசைத்தட்டுச் சேர்ப்பவன். பழைய தட்டுகள் அல்ல. எழுபதுகளில் வந்த ரொக் அல்பங்களுக்கு நாற்பது, ஐம்பது வயதாகும்போது கம்பனிக்காரர் பிறந்தநாள் பதிப்பு ஒன்று போடுவார்கள். பாட்டு அதே பாட்டு. தட்டு மட்டும் கறுப்பாக இராது. சிவப்பு, கடல்பச்சை, பால்வெள்ளை, புகை பிடித்த கண்ணாடி மாதிரி ஒன்று... இப்படி ஒரே அல்பத்துக்கு நாலைந்து நிறங்கள்.

நிறம் மாறினால் சத்தம் மாறுமா? மாறாது. கறுப்புத் தட்டுத்தான் திறம் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் வாங்குகிறேன்.

"ஒரே சாறியை நான் அஞ்சு நிறத்தில வாங்கினால் பேசாமல் இருப்பீங்களோ?" என்று என் மனைவி சுமதி ஒருமுறை கேட்டாள். 'சாறியை நீ கட்டுவாயே' என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கு எதிராகவே திரும்பும் பதில் என்று விளங்கியதும் வாயை மூடிக்கொண்டேன்.

ஏனென்றால் நான் அவற்றைப் போட்டுக் கேட்பதில்லை. சேர்ப்பவர்களுக்கு என்று ஒரு வேதம் இருக்கிறது. மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித்தாள் உறையைக் கிழிக்கக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் தங்க நிற ஸ்டிக்கரைத் தொடக் கூடாது. அட்டையைச் சுற்றி இலக்கம் போட்ட ஒரு காகிதப் பட்டி வரும். அது கசங்கவே கூடாது. இவை மூன்றும் இருந்தால் அது பொக்கிஷம். ஒன்று போனால்கூட அது வெறும் தட்டு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தட்டு வந்து சேர்ந்த அன்றே எனக்கு அதில் ருசி போய்விடும். ஓடர் போட்ட நாளுக்கும் வந்து சேரும் நாளுக்கும் நடுவில்தான் என் சீவியம். போனை எடுத்துப் பார்ப்பேன். வைப்பேன். பல்கனிக்குப் போவேன். திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன். வந்து சேர்ந்ததும் இறாக்கையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுத்தது எது என்று தேடத் தொடங்குவேன். இதற்கு வைத்தியம் இருந்தால் எழுதுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். ஒரு பிரிட்டிஷ் பேண்டின் அல்பம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் பாதிப்பேர் சண்டைக்கு வருவீர்கள். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஐந்து நிறம் வந்தது. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு நாட்டில் மட்டும்தான் விற்பனை. நாலு நிறம் என்னிடம் சேர்ந்துவிட்டது. ஐந்தாவது தேன் நிறம். அது கனடாவில் மட்டும்.

கனடா என்றால் ரஜனி. ரொறொன்ரோவில் இருக்கிறாள். அவளுடைய கணவர் இறந்து இரண்டு வருடம். மகன் படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போய்விட்டான். அவளுக்கு ஏழு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் லீவு கிடைத்தது. பன்னிரண்டு நாள். "என்ன கொண்டு வர அண்ணா?" என்று கேட்டாள். வேறென்ன கேட்பேன்?

வியாழன் காலை பத்து மணிக்கு வெள்ளவத்தையில் எங்கள் பிளட் வீட்டு ஹோலில் இரண்டு சூட்கேஸும் திறக்கப்பட்டன. வெளிநாட்டு உறவு இருக்கும் வீட்டுக்காரருக்கு இந்தக் காட்சி தெரியும். யார் யாருக்கோ குடுத்துவிட்ட சாமான்கள். விற்றமின் போத்தல், சப்பாத்து, சொக்லேட், முழங்கால் பட்டி. ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரால் பெயர். 'தெஹிவளை மாமி.' 'நல்லூர் ரீச்சர்.' 'பபா — ஹெவ்லொக் டவுன்.' புதுச் சட்டைகளில் விலை எழுதிய ரக் எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. சப்பாத்தின் அடியில்கூட கொஞ்சம் மண் பூசியிருந்தாள்.

கடைசியாக, ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து என் தட்டு வந்தது.

கண்ணாடித்தாள் இல்லை. ஸ்டிக்கர் இல்லை. காகிதப் பட்டி இல்லை. அட்டையின் முன்பக்கம், ஐம்பது வருடமாக உலகமே பார்த்துப் பழகிய அந்த நீல வானத்தின் நடுவில், மார்க்கரால் கொட்டை எழுத்தில்: 'வெள்ளவத்தை அண்ணா.'

"இதை ஏன் உரிச்சனீ?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"புதுசு மாதிரி இருந்தால் எயார்போட்டில கேள்வி கேப்பாங்கள் எண்டு பயம் அண்ணா. அந்த ஸ்டிக்கர் வேற, 'லிமிட்டட் எடிஷன்' எண்டு தங்க எழுத்தில மினுங்கிக்கொண்டு இருந்தது. அதுதான் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, பாவிச்ச மாதிரி ஆக்கினனான்."

"பேரை ஏன் எழுதினனீ?"

"எழுதாட்டி மாறிப் போயிடுமே. போனமுறை தெஹிவளை மாமியின்ர சுவெட்டர் யாழ்ப்பாணம் போனது மறந்திட்டீங்களோ?"

நியாயம்தான். நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். 'உறையைக் கிழிக்காதே' என்று நான் அவளிடம் சொல்லவேயில்லை. யாராவது கிழிப்பார்களா என்ன, என்று இருந்துவிட்டேன். மீனைத் தண்ணீரில் விடு என்று யாரும் சொல்லிக்கொடுப்பார்களா?

"என்ன அண்ணா முகம் போன போக்கு. உள்ளுக்க தட்டு இருக்குத்தானே? ஒரு கீறல் இல்லை."

அப்போது சொன்னேன். சுமதி சாட்சி. "தட்டு ஆருக்கு வேணும்?"

சுமதி வெடித்துச் சிரித்தாள். நானும் சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சிரிக்கவில்லை. சூடு ஏறிய தலை அடுத்ததையும் சொல்ல வைத்தது: "சின்னனில இருந்தே நீ இப்பிடித்தான். ஒரு வேலையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது."

ரஜனி சூட்கேஸின் சிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, கொட்டாஞ்சேனையில் ஜெசிந்தாவைப் பார்த்து இரண்டு நாள் நின்றுவிட்டு வருகிறேன் என்றாள். ஜெசிந்தா அவளோடு படித்தவள். "போயிட்டு வா" என்று நான் சொன்னேன். தலையை நிமிர்த்தவில்லை.

இனி வருவது எனக்கே பிடிக்காத பகுதி.

ரஜனி போய் அரை மணித்தியாலத்தில் நான் போனில் இன்னொரு தேன்நிறத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாக் கடையிலும் முடிந்துவிட்டது. ஆறுதலுக்கு நுகேகொடையில் இருக்கும் ஒருவருக்குப் போன் எடுத்தேன். என்னைப்போல ஒரு சேர்ப்பவர். என்னை விடப் பத்து வயது கூட, அதனால் எனக்கு 'அய்யே', சிங்களத்தில் அண்ணன். கேட்டுவிட்டு அவர் சாவீட்டுக் குரலில் "அனே பவ்" என்றார். ஐயோ பாவம் என்று பொருள். பிறகு, "ஸ்டிகர் எகத் நெத்த?" என்று கேட்டார். ஸ்டிக்கரும் இல்லையா என்று. இல்லை என்றேன். இருபது நிமிடம் கதைத்திருப்போம். அந்த இருபது நிமிடத்தில் பாட்டைப் பற்றி ஒரு சொல் வரவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

வெள்ளி போனது. சனி போனது. இரண்டு நாள் என்றவள் வரவில்லை. சுமதி போன் எடுத்தால் நன்றாகக் கதைத்தாள். நான் எடுத்தால், "குளிக்கிறாள் அண்ணா" என்று ஜெசிந்தா சொன்னாள். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை முறை குளிப்பாள்?

எனக்கு இருக்க முடியவில்லை. பல்கனியில் நின்றேன். கீழே இறங்கிக் காலி வீதிக்குப் போனேன். என்ன வாங்க வந்தேன் என்று மறந்து வாழைப்பழத்தோடு திரும்பினேன். தண்டவாளத்தைத் தாண்டிக் கடலைப் பார்க்கப் போனேன். கடலைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்துத் தட்டைத் தேடினேன். தங்கச்சி கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், பன்னிரண்டு நாளில் நாலு நாள் கரைகிறது... விரல் என்னடா என்றால் தேன் நிறத்தைத் தேடுகிறது. வெட்கம்கெட்ட விரல். ஞாயிறு காலை ஜெர்மனியில் ஒரு ஆள் அகப்பட்டான். உறை உடையாத தட்டு, ஸ்டிக்கரோடு, பட்டியோடு. வேண்டும் என்று அவனுக்கு எழுதினேன்.

எழுதி அனுப்பிய கையோடு சுமதி முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ. வெளிக்கிடுங்கோ. கொட்டாஞ்சேனைக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவளா வருவாள்."

"அவள் வரமாட்டாள். நானும் போய் அங்க இருந்திடுவன். நீங்களும் உங்கட இறாக்கையுமா இருங்கோ." பிறகு கொஞ்சம் இறங்கி, "அந்தத் தட்டையும் கொண்டு வரட்டாம்" என்றாள்.

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும். உடைக்கவோ என்னவோ."

தலையணை உறையோடேயே தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமையும் சனம். பன்னிரண்டு அங்குலச் சதுரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது லேசான வேலையா? பக்கத்தில் நின்ற ஒரு ஐயா, "படமா?" என்று கேட்டார். சாமிப் படம் என்று நினைத்திருப்பார். சீட்டில் இருந்தவரை எழுப்பி எனக்கு இடம் எடுத்துத் தந்தார். நான் மறுக்கவில்லை. கோட்டையில் பஸ் மாறினேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தேன். 'குறை நினைக்காதே' என்று தொடங்குவதா, 'சாப்பிட்டியா' என்று தொடங்குவதா?

ஜெசிந்தாவின் வீடு கோயில் மணி காதருகே கேட்கும் ஒரு ஒழுங்கைக்குள். "வாங்க அண்ணா, இருங்க" என்று அவள் கதிரையைத் தட்டிவிட்டாள். ரஜனி சோபாவில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"ஓம்."

அவ்வளவுதான். நான் வழி முழுக்க யோசித்தது அத்தோடு முடிந்தது.

ஜெசிந்தாவின் வீட்டில் ஒரு ரெக்கோட் பிளேயர் இருக்கிறது. நத்தார் பாட்டுக்காக டிசம்பரில் மட்டும் தூசு தட்டப்படுவது. அன்று அதன் மூடி திறந்திருந்தது.

"அண்ணா," என்றாள் ரஜனி. "உங்களிட்ட இந்த அல்பம் எத்தினை கிடக்கு?"

"இதோட அஞ்சு."

"இதில எந்தப் பாட்டு உங்களுக்கு நல்ல விருப்பம்?"

"எல்லாம்தான்."

"முதல் தட்டு எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது தட்டில?"

பிறந்தநாள் பதிப்பில் இரண்டாவதாக ஒரு தட்டும் வரும். அந்தக் காலத்தில் வெளியிடாத ஒலிப்பதிவுகள் அதில் இருக்கும். என்னுடைய நாலு பெட்டியிலும் அது இருக்கிறது. நாலும் கண்ணாடித்தாளுக்குள்.

"அந்த... நீளமா ஒரு கிற்றார் சோலோ வருமே. அது."

ரஜனி ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

"ரெண்டாவது தட்டில கிற்றாரே இல்லை அண்ணா. அது ஒத்திகை பாத்தது. கிற்றார்காரன் அண்டைக்கு வரேல்லையாம்."

திருடன் அகப்பட்டான். வாயில் வந்த ஏழெட்டுச் சமாளிப்புகளில் ஒன்றும் உதவாது என்று தெரிந்து பேச்சை மாற்றினேன்.

"நீ எப்ப கேட்டனீ?"

"உறையைக் கழட்டின அண்டைக்கு. பாவிச்ச மாதிரி ஆக்கிறதெண்டால் பாவிக்கத்தானே வேணும்? தம்பியின்ர அறையில ஒரு பிளேயர் கிடந்தது." தம்பி என்பது அவள் மகன். "ஒருக்காப் போட்டுப் பாப்பம் எண்டுதான் போட்டனான். பேந்து மூண்டு கிழமை ஒவ்வொரு நாளும் பின்னேரம் வேலையால வந்து போட்டனான்."

"உனக்கு ரொக் பிடிக்காதே."

"இப்பவும் பிடிக்காது." அவள் தட்டை வெளியில் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அது உண்மையிலேயே தேன் நிறமாக இருந்தது. அந்த நிறத்தை அப்போதுதான் நானும் முதன்முறை பார்க்கிறேன். "ரெண்டாவது தட்டில பாட்டு குறைவு. கதைதான் கூட. ஒருத்தன் பிழை விடுவான், மற்றவன் சிரிப்பான், ஆரோ கதவைத் திறந்துகொண்டு வருவான், கோப்பைச் சத்தம் கேக்கும். திருப்பித் தொடங்குவாங்கள். வீட்டுக்குள்ள ஆக்கள் இருக்கிற மாதிரி இருக்கும் அண்ணா."

நான் தலையணை உறையை மடிக்கத் தொடங்கினேன்.

"ஒண்டு கேக்கட்டோ? கோவிக்காதேங்கோ. அத்தான் செத்து ரெண்டு வருசம். இந்த ரெண்டு வருசத்தில நீங்கள் எனக்கு எடுத்த கோல் எல்லாம் எதைப் பற்றி?"

யோசித்துப் பார்த்தேன். தேன்நிறம் வந்துவிட்டதா, கடை எத்தனை மணிக்குத் திறக்கும், ஒரு ஆளுக்கு ஒன்றுதானா, விலை எவ்வளவு என்று. செத்தவீட்டுக்கு எனக்கு விசா கிடைக்கவில்லை. அந்தக் கிழமை தினமும் கோல் எடுத்து அழுதேன். அது உண்மை. அதற்குப் பிறகு? சிவப்பு. பச்சை. வெள்ளை. புகை.

"கடையில விடிய வெள்ளன வரிசையில நிண்டு எடுத்தனான். ஸ்னோ கொட்டினது. அதுக்கு நான் குறை சொல்லேல்லை. நீங்கள் கோல் எடுப்பீங்கள் எண்டுதான் நிண்டனான்." அவள் குரல் உயரவேயில்லை. "தட்டு ஆருக்கு வேணும் எண்டு கேட்டீங்கள். எனக்கும் அதுதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல்லால் அலங்கரிக்க விரும்பவில்லை. ஐம்பத்தாறு வயது மனுஷன், வாரா வாரம் ஊருக்குப் புத்தி சொல்லிப் பத்தி எழுதுகிறவன், கூடப்பிறந்தவளின் இரண்டு வருடத் தனிமையைக் கவனிக்கவில்லை. ஸ்டிக்கரில் ஒரு கீறல் விழுந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

"என்ர பிழை" என்றேன்.

"ஓம்" என்றாள்.

தட்டைப் போட்டாள். கேட்டோம். கேட்டோம் என்று லேசாக எழுதிவிட்டேன்... ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம், நாலு பக்கம். எனக்கு அது தவம். கால் ஆடியது. இரண்டு தரம் எழும்பி ஜன்னலடிக்குப் போய் வந்தேன். மூன்றாவது பக்கத்தில் பொக்கற்றுக்குள் போன் அதிர்ந்தது. ஜெர்மனிக்காரன். 'எடுக்கிறாயா இல்லையா, இன்னொருவர் கேட்கிறார்.' ரஜனி என் கையைப் பார்த்தாள். போனை அணைத்து வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது தட்டு கைமாறிவிட்டது. கவலைதான். பொய் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்தப் பியானோக்காரன் ஒரே இடத்தில் மூன்று தரம் பிழை விட்டு, நாலாம் தரம் சரியாக வாசித்ததும் அறையில் யாரோ ஒருவன் மெல்ல 'ம்' என்று சொல்கிறான். அதற்கு ரஜனியும் ஜெசிந்தாவும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ரஜனி அவளுக்கு ஏற்கெனவே சொல்லிச் சிரித்த இடம் போலிருக்கிறது. நான் மட்டும் ஒரு நொடி பிந்திச் சிரித்தேன்.

அன்று பின்னேரமே ரஜனி என்னோடு வந்தாள். மிச்சம் எட்டு நாள். நல்லூர் ரீச்சரின் சப்பாத்தை அனுப்பினோம், தெஹிவளை மாமியிடம் திட்டு வாங்கினோம், சுமதியும் அவளும் என்னைப் பற்றிச் சமையலறையில் கதைத்துச் சிரித்தார்கள். மற்ற நாலு தட்டின் உறையையும் கிழித்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. திருந்துகிறவன் ஒரே நாளில் திருந்தினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

ரஜனி திரும்பிப் போய் ஒரு கிழமை ஆகிறது. நேற்றுக் காலை கோல் எடுத்தேன். தட்டைப் பற்றி எதுவும் கேட்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டுதான் எடுத்தேன். குளிர் எப்படி என்றேன், சொன்னாள். தம்பி எப்படி என்றேன், சொன்னாள். சுமதி எப்படி என்றாள், சொன்னேன். மூன்றாவது நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துபோனது. தட்டு இல்லாவிட்டால் எங்கள் இருவருக்கும் கதைக்க ஒன்றுமேயில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பயமாக இருந்தது. வைத்துவிடலாம் என்று விரல் போனது.

"அண்ணா, லைன்ல நிக்கிறீங்களோ?"

"ஓம்."

"ஒண்டும் கதைக்க வேண்டாம். சும்மா இருங்கோ."

இருந்தேன்.